ரிக் வண்டி வருமுன்

கொங்கு நாட்டிலோ தருமபுரிப் பக்கத்திலோ ஒரு குடியானவர் ஆழ்துளைக் கிணறு போட நிச்சயித்துவிட்டால், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்குச் சொல்லியனுப்புமுன் அவர் செய்கிற காரியம் பெரும்பாலும் நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வருவதுதான். வந்தவர் வேப்பங்கவட்டையைப் பிடித்துக்கொண்டோ, உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டோ காட்டில் நடக்கிறார். கவட்டை வளைந்த இடத்தில், அல்லது தேங்காய் எழுந்து நின்ற இடத்தில், ஒரு கல் நடப்படுகிறது. பிறகு நடக்கும் செலவெல்லாம் அந்தக் கல்லை நம்பித்தான்.

இதை எள்ளி நகையாடுவது சுலபம். பலிப்பதுபோல் தோன்றுவது ஏனென்று விசாரிப்பதே பிரயோஜனமானது. 1980-களில் ஜெர்மனியின் மியூனிக் அருகே, களஞ்சியமொன்றின் கீழ்த்தளத்தில் நீர்க்குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேல்தளத்தில் கவட்டையோடு நடந்தவர்களை அது எங்கிருக்கிறதென்று சொல்லச் சொன்னார்கள். நடத்தியவர்கள் சிலருக்கு உண்மையாகவே அந்தச் சக்தி உண்டென்று முடிவு கட்டினார்கள். அதே எண்களை மறுபடி ஆராய்ந்த ஜேம்ஸ் என்ரைட் என்ற விஞ்ஞானி, குருட்டு அதிர்ஷ்டத்துக்கு மேல் அவற்றில் எதுவுமில்லை என்று 1999-இல் எழுதினார். எனக்கு என்ரைட்டின் அபிப்பிராயமே சரியென்று படுகிறது.

அப்படியானால் கல் நட்ட இடங்களில் தண்ணீர் வருவானேன்? தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலத்துக்கு அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட், கிரானைட் முதலான கடினப் பாறை. மணலைப்போல் அதற்கு நுண்துளைகள் இல்லை. ஆகவே நீர் தங்குவதற்கு, வெயிலும் மழையும் யுகக் கணக்கில் சிதைத்து உளுக்கவைத்த மேற்பாறையும், அதற்குக் கீழே குடியானவர்கள் ஊற்றுக்கண் என்று சொல்லுகிற வெடிப்புகளும் தவிர வேறு இடமில்லை. பூமிக்குள் ஆறு ஓடுவதாக நினைப்பது இந்தப் பாறை நாட்டைப் பொறுத்தவரை வெறும் கற்பனை. உளுத்த பாறை பரந்து கிடக்கும் இடத்தில், நல்ல மழைக்குப் பின், எங்கே குத்தினாலும் கொஞ்சமாவது தண்ணீர் வரும். கீர்த்தி மட்டும் கவட்டைக்குப் போய்விடுகிறது. ஆழத்து வெடிப்போ அப்படியல்ல; பத்தடி தள்ளிக் குத்தினால், ஆயிரம் அடி போயும் வெறும் கல்மாவு பறப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நிலத்தின் முகத்தைப் பார்த்து அகத்தை அனுமானிப்பது பழைய சாஸ்திரம். நாவல் மரத்தருகே கரையான் புற்றிருந்தால் நீருண்டு என்பதுபோன்ற லட்சணங்களை வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டிலேயே பிருகத் சம்ஹிதையில் தொகுத்து வைத்தார். ஈரமின்றிக் கரையான் வாழாதாகையால் அதில் சாரமில்லாமலில்லை. இன்று அதே வேலையைச் செயற்கைக்கோள் படங்கள் செய்கின்றன: நேர்கோட்டில் ஓடும் ஓடையும், கோடு கிழித்தாற்போன்ற பசுமையும் பெரும்பாலும் பாறை வெடிப்பின் மேல் அமைந்தவை.

அடுத்தது மின்தடை அளவி. நான்கு இரும்பு முளைகளை ஒரே வரிசையில் அடித்து, வெளிமுளை இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள்முளை இரண்டுக்கிடையே எழும் மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். வெளிமுளைகளை விலக்க விலக்க மின்சாரம் ஆழமாக இறங்குகிறது. உளுக்காத பாறையின் மின்தடை எண் ஆயிரக்கணக்கில் நிற்க, நீர் ஊறிய பாறையில் அது பத்துகளுக்கோ நூறுகளுக்கோ விழுகிறது. பிரான்சில் ஷ்லும்பர்ஜேயும் அமெரிக்காவில் வென்னரும் 1910-களில் வகுத்த இந்த உபாயத்தையே இன்றும் நிபுணர்கள் கையாளுகிறார்கள். ஆனால் கருவி அளப்பது மின்தடையை, தண்ணீரை அல்ல. களிமண்ணும் உப்பு நீரும் இன்னும் குறைந்த எண்ணைக் காட்டி ஏமாற்றும். அறுநூறு அடிக்குக் கீழே சில அங்குலமே அகன்ற வெடிப்பு அதன் கணக்கில் அநேகமாகத் தெரியவே தெரியாது. உளுத்த பாறையின் கனத்தைச் சொல்வதில்தான் அதற்குச் சாமர்த்தியம்.

அந்தக் கனத்தை அறியச் செலவில்லாத வழியும் ஒன்றுண்டு. பாறை தட்டும் வரைதான் கேசிங் குழாய் இறக்குவார்களாதலால், பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை அடி கேசிங் இறங்கிற்று, எந்த அடியில் முதல் தண்ணீர் தட்டிற்று, எந்த மாதத்தில் வற்றுகிறது என்று நாலு பேரைக் கேட்டாலே பாதிப் பரீட்சை முடிந்துவிடும். அங்கே எண்பதடி, இங்கே இருபதடி என்றால் எந்தப் பக்கம் நகர வேண்டுமென்பது தெளிவு. நம்மவர்களோ கிணறு பொய்த்த மறுநாளே இந்த விவரத்தையெல்லாம் மறந்துவிடுகிறார்கள். ஆகவே ரிக் வண்டி உங்கள் காட்டை விட்டுப் போகுமுன் இந்த அடிக்கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிணறு பொய்த்திருந்தால், அதன் வாயை இறுக மூடிவிட்டு, அவசியம் எழுதி வையுங்கள்.