நகிராவும் மஅரிஃபாவும்

அரபு மொழியில் விருந்தாளியை 'ளைஃப்' என்பர். சாய்தல், ஒரு பக்கமாகத் திரும்புதல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்த சொல் அது. வழிப்போக்கர் தம் பாதையினின்று விலகி ஒரு வீட்டின் பக்கம் சாய்கிறார். ஆகவே அவர் ளைஃப். தமிழில் 'விருந்து' என்பதன் பழம்பொருள் புதுமை. புதிதாகப் புனையப்படும் யாப்பைத் தொல்காப்பியம் அப்பெயராலேயே குறிக்கிறது. ஆக, முன்பின் அறியாத புதியவரே உண்மை விருந்தினர் எனலாம்.

ளைஃப் பிறந்த வேரினின்றே இலக்கணத்தில் பயிலும் 'இளாஃபத்' என்னும் சொல்லும் பிறந்தது. 'கிதாபுன்' என்றால் ஏதோ ஒரு நூல். அது நகிரா, இன்னதென அறியப்படாத பெயர். 'கிதாபு ஜைதின்' என்றால் ஜைதுடைய நூல். அறியப்பட்ட ஒரு பெயரோடு சேர்ந்ததால் அந்நூலும் மஅரிஃபா ஆகிவிடுகிறது. பல்லாண்டுகளாக நாம் நடத்திவரும் இப்பாடம், ஒரு நண்பரின் வருகையால் வேறொரு கோணத்தில் நமக்கு விளங்கிற்று.

மொரோக்கோவின் தன்ஜா நகரைச் சேர்ந்த அந்நண்பர், அரபுத் தமிழ் ஏடுகளைக் காணும் ஆவலில் வந்து நம் இல்லத்தில் ஒரு வாரம் தங்கியிருந்தார். நம்மோடு அவர் நடந்தபோதெல்லாம் தெருவே எழுந்து ஸலாம் உரைத்தது. நான்காம் நாள் அவர் தனியே வெளியூர் சென்று வந்தார். அங்கே மழைக்கு ஒதுங்கிய தேநீர்க் கடையில், கடைக்காரர் நாற்காலி தந்து, தேநீர் தந்து, காசு வாங்க மறுத்து, தம் மகனை அனுப்பிச் சரியான பேருந்தில் ஏற்றிவிட்டார். அவர் நம் சமயத்தவர் அல்லர். வந்தவர் யாருடைய விருந்தினர் என்பதையும் அறியார். நம் ஊர் வந்து இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர் வழக்கமான கூலியைப்போல் நான்கு மடங்கு பெற்றுக்கொண்டார். அவர் நம் மஹல்லாவாசி.

வெள்ளியன்று பள்ளிவாசலில் நம்மருகே நண்பரைக் கண்ட ஆட்டோக்காரர், தொழுகை முடிந்ததும் பணத்தோடு வந்தார். "ஹஸ்ரத், உங்க வீட்டு விருந்தாளின்னு தெரியாமப் போச்சு" என்றார். அவர் கூலியை மிகையாகப் பெற்றதைக் காட்டிலும் இந்தச் சொல்லே நம்மை வருத்தியது. நம் பெயரோடு சேராதவரை நண்பர் வெறும் நகிராவாகவே இருந்திருக்கிறார்!

இப்ராஹீம் (அலை) அவர்களிடம் வந்த விருந்தினரைத் திருமறையின் 51ஆம் அத்தியாயம் வருணிக்கிறது. வந்தோரை அவர்கள் 'முன்கரூன்', அதாவது அறிமுகமற்றோர் என்றே கருதினார்கள். நகிரா பிறந்த வேரே இச்சொல்லுக்கும் வேர். எனினும் ஊரும் பேரும் கேட்டு நிற்காமல், ஓசையின்றி உள்ளே சென்று, கொழுத்த கன்றின் இறைச்சியைக் கொணர்ந்து அவர்கள் அருகில் வைத்தார்கள். வந்தவர்கள் வானவர் என்பது பிறகே தெரிந்தது.

நண்பரின் ஊரில் 1304இல் பிறந்த இப்னு பதூதாவும் இத்தகைய உபசரிப்பைக் கண்டவர். 1330களில் அவர் அனத்தோலியாவின் லாதிக் நகரக் கடைத்தெருவில் நுழைந்தபோது, சிலர் ஓடிவந்து அவருடைய குதிரைகளின் கடிவாளத்தைப் பற்றினர். வேறு சிலர் அவர்களோடு சண்டையிட்டனர், கத்திகளும் உருவப்பட்டன. மொழி அறியாத அவர், கள்வர் என அஞ்சினார். அரபு அறிந்த ஒருவர் வந்து விளக்கிய பின்னரே, அவர்கள் இரு 'அகீ' சங்கத்தார் என்பதும், விருந்தளிக்கும் உரிமைக்காகவே போரிட்டனர் என்பதும் புலனாயின. ஈற்றில் சீட்டுக் குலுக்கித் தீர்த்துக்கொண்டனர். அவரை அவர்கள் யாரென அறிந்திருக்கவில்லை. வேற்றூரார் என்பதே போதுமானதாக இருந்தது.

ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் 'இப்னுஸ் ஸபீல்', அதாவது 'பாதையின் மகன்' ஒருவர். குலமும் குடும்பமும் அருகில் இல்லாத பயணிக்குப் பாதையே பெற்றோர். நம் தெருவிலும் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் கட்டட வேலை செய்கிறார்கள். நாள்தோறும் அவர்களைக் கடந்தே வகுப்புக்குச் செல்கிறோம். ஆட்டோக்காரரைக் கடிந்துகொள்ள வாயெடுத்த நாம், அவர்களில் ஒருவருடைய பெயரையேனும் இதுவரை கேட்டதில்லை என்பதை எண்ணி மௌனமானோம்.