நான்கு முறை துள்ளிய பந்து

2019 மே 12, ஞாயிறு இரவு, டொரன்டோ நகரம். ராப்டர்ஸ் அணிக்கும் பிலடெல்பியா செவன்ட்டி சிக்ஸர்ஸ் அணிக்கும் இடையே கூடைப்பந்துத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். தோற்பவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். புள்ளிகள் 90-க்கு 90, மிச்சம் 4.2 விநாடி. பந்தை வாங்கிய ராப்டர்ஸ் வீரர் கவாய் லெனர்ட் வலது மூலைவரை ஓடி, எதிரணியின் ஏழடி உயர ஜோயல் எம்பீடின் விரல்களுக்கு மேலாக எறிந்தார். பந்து காற்றில் இருக்கும்போதே ஆட்டம் முடியும் மணி அடித்துவிட்டது. வளையத்தின் விளிம்பில் பட்டுத் துள்ளியது பந்து. மறுபடி பட்டது. நான்கு முறை துள்ளி, போனால் போகிறதென்று உள்ளே விழுந்தது.

கூடைப்பந்து ரசிகர்களைக் கேட்டால் அந்த நான்கு துள்ளல்களைப் பற்றி இன்றும் பேசுவார்கள். முடிவை எந்தச் செய்தித்தாளிலும் படித்துக்கொள்ளலாம்; மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளை மறுநாள் படிக்க முடியாது. ஆட்டம் நடக்கும்போதே உலகின் பல மூலைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கைப்பேசியில் ஒரே இடத்தில் கூடிக் கத்துவதும் கிண்டல் செய்வதும் இதற்காகத்தான். எல்லோரும் ஒரே நொடியில் இருக்கவேண்டும்.

டொரன்டோவில் பந்து உள்ளே விழுந்த அதே நொடியில் இந்தியாவில் திங்கட்கிழமை காலை, மணி ஏழை ஒட்டி. லிட்டில் அந்தமானின் துறைமுக ஊரான ஹட் பேயில் வெயில் அப்போதே சுள்ளென்று ஏறியிருக்கும். சென்னையைவிட ஏறத்தாழ முக்கால் மணி நேரம் முந்தி அங்கே விடிந்துவிடுகிறது. கடிகாரம் மட்டும் சென்னையோடு ஒன்று. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தான என்.பி.ஏ. ஆட்டங்கள் நம் கடிகாரத்தில் பெரும்பாலும் காலை ஐந்திலிருந்து ஒன்பதுக்குள் தொடங்குபவை. டெல்லி ரசிகர் அலாரம் வைத்து, அதை இரண்டு முறை அணைத்து, மூன்றாவது முறை எழுந்து பார்க்கவேண்டிய ஆட்டத்துக்கு ஹட் பேவாசி இயல்பாகவே விழித்திருப்பார். நேரம் அவர் பக்கம்தான். ஆனால் 2019-இல் இணையம் அவர் பக்கம் இல்லை.

அன்று அந்தமான் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பி இருந்தது. அந்த வகைச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. ஒரு செய்தி மேலே போய்க் கீழே இறங்கவே கால் விநாடி. பதிலும் வந்துசேர அரை விநாடி. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய தொல்லை வேறு: மொத்தத் தீவுக்கூட்டமும் ஒரு குறுகிய குழாயைப் பங்குபோட்டுக்கொண்டது. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம் குடங்கள் வரிசை கட்டுவதுபோல வங்கியும் மருத்துவமனையும் ரயில் டிக்கெட்டும் வரிசையில் நிற்க, அதற்குப் பின்னால்தான் வீடியோ. படம் ஓடாது, நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். படத்துக்கு முன்னால் "உள்ளே போயிடுச்சு!" என்ற குறுஞ்செய்தி வந்துவிட்டால் அந்தக் காலைப்பொழுது வீண். (நகரத்து ரசிகர்களும் இதிலிருந்து முழுக்கத் தப்பவில்லை. இணைய ஒளிபரப்பு எப்போதுமே சில விநாடிகள் பின்தங்கித்தான் வரும். பக்கத்து வீட்டுக் கூச்சலுக்குப் பிறகு சிக்ஸரைப் பார்த்த கிரிக்கெட் ரசிகருக்குச் சொல்லவேண்டியதில்லை.)

2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து கடலடியில் இழுத்துவந்த கண்ணாடியிழைக் கேபிள் செயல்பாட்டுக்கு வந்தது. நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர், செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேரைத் தவிர ஏழு தீவுகளை அது தொட்டது. லிட்டில் அந்தமான் அவற்றுள் ஒன்று. போர்ட் பிளேருக்கும் மற்றத் தீவுகளுக்கும் இடையே விநாடிக்கு 2 x 100 ஜிகாபிட் திறன் என்று அரசு அறிவித்தது. போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து ஹட் பேக்குக் கப்பலில் போக இன்றும் பல மணி நேரம் ஆகிறது. பந்து மட்டும் உடனே வந்துசேரத் தொடங்கியது.

கூடைப்பந்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு? ஒரு காரணம் ஆட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. 1954-இல் சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன், பந்தைப் பிடித்துவைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தும் வழக்கத்தால் சலித்துப்போய் ஒரு கணக்குப் போட்டார். சுவையான ஆட்டமொன்றில் இரு அணியும் சேர்ந்து சுமார் 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி. வகுத்தால் 24. அன்றிலிருந்து 24 விநாடிக்குள் எறிந்தாகவேண்டும். இணையம் பிறக்கப் பல்லாண்டுகள் முன்னே எழுதிய இந்த விதி, கைப்பேசியில் பேசுவதற்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. அரை நிமிடத்துக்கு ஒரு முறை ஏதோ ஒன்று நடக்கிறது; ஒரு வரி எழுத அது போதும்.

ஆட்டங்களின் எண்ணிக்கை இன்னொரு காரணம். 30 அணிகள், அணிக்கு 82 ஆட்டம்; அக்டோபரிலிருந்து ஏப்ரலுக்குள் 1,230 ஆட்டங்கள். அதன்மேல் ஜூன் வரை வெளியேற்றச் சுற்றுகள். அது முடிந்தால் புதிய வீரர் தேர்வு, ஒப்பந்தம், மாற்றம் என்று கோடையிலும் பேச்சு ஓயாது.

ஆட்டமே இல்லாத பேச்சுதான் சிலசமயம் உச்சத்தைத் தொடுகிறது. 2025 பிப்ரவரி 2, இந்தியாவில் ஞாயிறு காலை பத்தரை தாண்டிய நேரம், அமெரிக்காவில் நள்ளிரவு. டாலஸ் அணி தன் செல்லப்பிள்ளை லூகா டோன்சிச்சை லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டதாக ஷாம்ஸ் சரானியா என்ற செய்தியாளர் ஒரு வரி எழுதினார். முந்தைய ஆண்டுதான் அணியை இறுதிப்போட்டிவரை கொண்டுபோனவர் டோன்சிச், வயது 25. யாரும் நம்பவில்லை. செய்தியாளரின் கணக்கை எவனோ திருடிவிட்டான் என்றார்கள். இது உண்மைதான் என்று அவரே இன்னொரு வரி எழுதவேண்டி வந்தது. பிறகு டாலஸ் ரசிகர்கள் அரங்கத்துக்கு வெளியே சவப்பெட்டி கொண்டுவந்து வைத்துத் துக்கம் கொண்டாடினார்கள். மேலாளர் நிக்கோ ஹாரிசனை நீக்கு என்ற முழக்கம் அரங்கத்துக்குள் மாதக்கணக்கில் ஒலித்தது. நவம்பரில் அவரை அணி நீக்கியது.

இத்தனை பேர் பேசுகிறார்கள் என்று தோன்றினாலும், உண்மையில் பேசுபவர்கள் கொஞ்சம். இணையக் கூட்டங்களில் நூறு பேரில் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று வலைத்தள ஆய்வாளர் யாகோப் நீல்சன் 2006-இல் ஓர் உத்தேசக் கணக்கு சொன்னார். டீக்கடை பெஞ்சில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க மற்றவர்கள் கிளாஸும் கையுமாகக் கேட்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. எழுதாதவரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் தவறு. அவர் கேட்காவிட்டால் படிப்பவரும் எழுந்து போய்விடுவார்.

அந்த மௌனக்காரர்கள் ஒருநாள் கை தூக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஜார்ஜியா நாட்டுக் கதை உண்டு. மக்கள்தொகை சுமார் 37 லட்சம், சென்னை நகரத்தைவிடக் குறைவு. அந்நாட்டு வீரர் ஸாஸா பச்சூலியா கடினமாக உழைக்கும் ரகம், நட்சத்திரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2016-இல் நட்சத்திர அணிக்கான இணைய வாக்கெடுப்பில் அவர் கவாய் லெனர்ட்டைவிட வெறும் 14,227 வாக்குகள் பின்தங்கித் தொடக்க ஐவரில் இடம்பெறும் வாய்ப்பை இழந்தார். என்.பி.ஏ. பதறிப்போய் அடுத்த ஆண்டே விதியை மாற்றியது: ரசிகர்களுக்குப் பாதி எடை, மீதி வீரர்களுக்கும் ஊடகத்துக்கும். 2017-இல் அவருக்கு 15 லட்சத்துக்கும் மேல் ரசிகர் வாக்குகள் விழுந்தும் பயனில்லை. பெரியவர்களின் பந்தியில் சின்ன நாடு இலை போட்டு உட்கார்ந்ததும் பந்தி விதியே மாறிவிட்டது. நியாயமா என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள்.

இந்தியா இந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிறது. 2015-இல் பஞ்சாபின் சத்னம் சிங்கை டாலஸ் அணி 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 2019 அக்டோபரில் மும்பையில் சேக்ரமென்டோ, இந்தியானா அணிகள் இரண்டு ஆட்டங்கள் ஆடின. தமிழ்நாட்டின் ரசனை அதைவிடப் பழையது. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி கழகம் ஆண்டுதோறும் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு ராணுவ அணிகளும் வங்கி அணிகளும் வருகின்றன. பதினெட்டு ஆண்டுகள் இந்தியாவுக்காக ஆடிய சென்னையின் அனிதா பால்துரைக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் ஆடிய ஆட்டங்களுக்கு இரவெல்லாம் விழித்து வரிக்கு வரி எழுத ஒரு கூட்டம் இருந்திருந்தால் அவர் பெயர் தமிழ் வீடுகளில் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஹட் பேயில் இப்போது கேபிள் இருக்கிறது. அமெரிக்க மேற்குக் கரையில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் இங்கே காலை எட்டரைக்கு வரும். அதனால் தீவில் பள்ளிக்கூடம் போகிற ரசிகருக்கு முதல் குவார்ட்டர் பார்க்கவே நேரம் இழுபறிதான். கடைசிக் குவார்ட்டர் நடக்கும்போது வகுப்பில் வருகைப்பதிவு முடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.