வாரந்தோறும் மாறாத நீலம்

வாரம் ஓர் அத்தியாயமாக வெளியாகும் வெப்காமிக்கில் கதாபாத்திரத்தின் உடை நிறம் ஒரே நாளில் மாறுவதில்லை. சிறுகச் சிறுக நழுவுகிறது. பெரும்பாலும் காரணம் ஐட்ராப்பர் கருவிதான். ஓவியர் சென்ற வாரப் பக்கத்தைத் திறந்து, சட்டையில் ஓரிடத்தைத் தொட்டு நிறத்தை எடுக்கிறார். தொட்ட இடம் நிழலாக இருக்கலாம். ஜேபெக் கோப்பாகச் சுருக்கியபோது திரிந்த புள்ளியாகவும் இருக்கலாம். அந்த நிறத்தின்மேல் மறுபடி நிழல் ஏறும். அடுத்த வாரம் அங்கிருந்து இன்னொரு தொடுகை. சில மாதங்களில் வான்நீலச் சட்டை கருநீலமாகிவிடும்.

இதைத் தவிர்க்க, ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் நிழல் படாத மூலநிறங்களைத் தனிப் பேலட்டில் சேமித்து வைப்பது வழக்கம். இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா ஓவிய மென்பொருளிலும் இதற்கு வசதி உண்டு. மூலநிறம் அடி லேயரில் தட்டையாக நிரப்பப்படும். நிழலும் வெளிச்சமும் மேல் லேயர்களில் மட்டுமே.

பென்னாகரம் வட்டத்திலுள்ள ஒகேனக்கல்லில் நடக்கும் கதை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பரிசல் ஓட்டுபவரின் நீல லுங்கிக்குச் சிவப்பு 40, பச்சை 80, நீலம் 150. அவர் தோலுக்கு 150, 95, 60. சாயங்காலக் காட்சிக்காக 255, 200, 140 என்ற செம்மஞ்சளை ‘மல்டிப்ளை’ முறையில் மேலே போர்த்தினால், கீழுள்ள எண் மேலுள்ள எண்ணால் பெருக்கப்பட்டு 255ஆல் வகுபடும். லுங்கி 40, 63, 82 ஆகிறது. தோல் 150, 75, 33. தனியே பார்த்தால் லுங்கி மங்கிய சாம்பல்நீலம். செம்பழுப்புத் தோலை ஒட்டி வரும்போதோ கண் அதைப் பழைய நீலமாகவே எடுத்துக்கொள்ளும். பக்கத்து நிறம் ஒரு நிறத்தின் தோற்றத்தை எப்படி மாற்றுகிறது என்பதைப் பிரெஞ்சு வேதியியலர் செவ்ரல் 1839இலேயே நூலாக்கிவிட்டார். எல்லா நிறங்களின் மீதும் ஒரே வெளிச்சம் விழுந்தால் அவற்றின் உறவு குலையாது. லுங்கியை மட்டும் தனியே கருமையாக்கினால்தான் வாசகர் வேறு லுங்கி என்று நினைப்பார்.

ஆற்றுக்கும் பேலட் வேண்டும். பாறையிடுக்கில் பச்சையாகத் தேங்கும் காவிரி, நீர்வரத்து பெருகினால் செம்மண் நிறத்தில் பாயும். இது வெளிச்சம் செய்யும் மாற்றமல்ல என்பதால் இரண்டு மூலநிறங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். (வெள்ளத்தின்போது பரிசலுக்குத் தடை உண்டு, செந்நீரில் பரிசலை மிதக்கவிட்டால் நிறம் சரியாக இருந்தும் கதை பிசகும்.)

இந்த நிற ஒழுங்கை வேண்டுமென்றே மீறுவதும் உண்டு. லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ் வாசகர் அறிந்த லக்கி லுக்குக்கு மஞ்சள் சட்டை, கறுப்பு வெயிஸ்ட்கோட், கழுத்தில் சிவப்புத் துணி. அவரைப் படைத்த பெல்ஜிய ஓவியர் மோரிஸ், சில கட்டங்களில் ஆட்களை அடியோடு ஒரே நிறத்தில் நிரப்பிவிடுவார். மற்ற கட்டங்களில் உடை பிசகாமல் வருவதால் அந்தத் துணிச்சல் எடுபடுகிறது.

கோப்பு சரியாக இருந்தும் திரை ஏமாற்றலாம். கண் பாதுகாப்பு முறை இயங்கும் திரையில் எல்லாமே மஞ்சள் பூசித் தெரியும். வண்ணமிடும்போது அதை அணைத்துவிட வேண்டும். கோப்பை எஸ்ஆர்ஜிபி வண்ண வரையறையில் சேமித்து, விலை குறைந்த போன் ஒன்றிலும் பார்ப்பது நல்லது. பின்னாளில் சிவகாசியில் அச்சிட்டுப் புத்தகமாக்கும் எண்ணமிருந்தால், திரையில் மின்னும் நீலமும் பச்சையும் நான்கு மையில் மங்கும் என்பதால், முதல் அத்தியாயத்துக்கு முன்பே பேலட்டை அச்சடித்துப் பார்த்துவிட வேண்டும்.