தருமமும் கூட்டுதவியும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வறியோர்க்கு உதவும் அமைப்புகளை ஈவோரின் தருமம், உறுப்பினரின் கூட்டுதவி என இரண்டாகப் பகுக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் கூர்மை பெற்ற இப்பகுப்பு, பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் எவ்வாறு அமைந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தருமசாலை, பஞ்ச நிவாரணம், சீட்டு, நிதி, கூட்டுறவுச் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு ஆகியன இங்கு ஒப்பிடப்படுகின்றன. ஒழுங்கற்ற கூலி பெறுவோரே கூட்டுதவிக்கு வெளியே நின்றனர் என்பதும், ஓர் அமைப்பின் தன்மையை அதன் பொது நிதி யாருடையது என்பதே தீர்மானிக்கிறது என்பதும் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தருமசாலை, சீட்டு, நிதி, கூட்டுறவு, சுய உதவிக் குழு, தென்னார்க்காடு.

முன்னுரை

மான்செஸ்டர், ராக்டேல் போன்ற நெசவாலை நகரங்களில் உதவி இரு வழிகளில் வந்தது. ஒன்று, செல்வர் நடத்திய அறநிலையங்கள். மற்றொன்று, தொழிலாளர் தமக்குள் சந்தா செலுத்தி நோய்க்கும் இறப்புக்கும் பணம் பெற்ற நேசச் சங்கங்கள். 1810இல் தோன்றிய ஆட்ஃபெல்லோஸ் மான்செஸ்டர் ஐக்கியம் இவற்றுள் பெரியது. அநாதைப் பிணமாக அடக்கம் செய்யப்படும் அச்சமே பல தொழிலாளரை வாரச் சந்தா கட்ட வைத்தது. 1844இல் ராக்டேலில் 28 பேர் தலைக்கு ஒரு பவுன் திரட்டித் தொடங்கிய பண்டகசாலை, நுகர்வோர் கூட்டுறவின் முன்மாதிரியாயிற்று.

விழுப்புரமும் திண்டிவனமும் ஆலை நகரங்கள் அல்ல. முன்னது இருப்புப்பாதைச் சந்திப்பு; பின்னது ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் கலந்த வட்டாரத்தின் சந்தை ஊர். நிலக்கடலை வேளாண்மையும் அதன் வணிகமும் இவ்வட்டாரத்தை வெளியுலகச் சந்தையோடு இணைத்தன. இரு ஊர்களும் 1993 செப்டம்பர் 30 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தமையால், ஆய்வின் எல்லை அம்மாவட்டத்தையும் தழுவுகிறது.

தருமம்: தகுதி பார்த்தலும் பாராமையும்

தென்னார்க்காடு மாவட்டத்தின் வடலூரில் இராமலிங்க அடிகள் 1867 மே 23 அன்று சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அங்கு மூட்டப்பட்ட அடுப்பு இன்றுவரை அணையாமல் பேணப்படுகிறது. சாதி, சமயம், ஊர், ஒழுக்கம் எதுவும் வினவப்படாமல் பசி ஒன்றே உணவு பெறும் தகுதியாகக் கொள்ளப்பட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1869இல், இலண்டனில் அறநிலைய ஒழுங்கமைப்புச் சங்கம் தோன்றியது. அதன் கொள்கை இதற்கு நேர்மாறானது. உதவி கேட்போரின் இல்லத்தை விசாரித்து, உதவத் தக்கவர், தகாதவர் எனப் பிரித்த பின்னரே உதவ வேண்டும் என்று அது கருதியது. கேட்டவர்க்கெல்லாம் ஈவது சோம்பலை வளர்க்கும் என்பது அதன் வாதம்.

இந்த ஐயப்பாடு 1876-78 பெரும் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்திலும் செயல்பட்டது. 1877 சனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோரின் நாட்கூலியை ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் பெறும் அளவுக்குக் குறைத்தார். உழைப்பவர் உடல் இவ்வளவில் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணம் வரை நீளும் பக்கிங்காம் கால்வாயில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி இப்பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது.

தருமசாலையும் நிவாரண முகாமும் நோக்கில் வேறுபட்டவை. எனினும் இரண்டிலும் பெறுபவருக்கு நிர்வாகத்தில் குரல் இல்லை. முன்னதில் அவர் விருந்தினர், பின்னதில் சோதிக்கப்படுபவர், எதிலும் உறுப்பினர் அல்லர்.

கூட்டுதவி: சீட்டும் நிதியும்

உறுப்பினர் என்ற நிலை சீட்டில் உண்டு. 20 பேர் மாதம் 1000 ரூபாய் செலுத்தும் ஏலச் சீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மாதந்தோறும் 20,000 ரூபாய் சேரும். அவசரத் தேவையுடைய ஒருவர் 4000 ரூபாய் தள்ளி ஏலம் எடுத்தால் 16,000 ரூபாய் பெறுவார். சீட்டு நடத்துபவரின் கழிவு 5 விழுக்காடு எனில், அது 1000 ரூபாய். எஞ்சிய 3000 ரூபாய் 20 பேருக்கும் தலைக்கு 150 ரூபாயாகப் பகிரப்படும். இவ்வாறு கடன் வேண்டுபவரும் சேமிக்க வேண்டுபவரும் ஒரே வட்டத்தில் ஒருவர்க்கொருவர் துணையாகின்றனர். ஆனால் கடைசித் தவணையோடு வட்டம் கலைந்துவிடும். பொது நிதி என எதுவும் மிஞ்சாது.

இக்குறையை நீக்கி நிலைத்த நிதியை உருவாக்கியவை, சீட்டின் பழக்கத்தையும் இங்கிலாந்தின் வீடு கட்டும் கடன் சங்கங்களின் அமைப்பையும் இணைத்த ‘நிதி’கள் ஆகும். 1872இல் மயிலாப்பூரில் நிறுவப்பட்ட இந்து நிரந்தர நிதி இவ்வகையில் புகழ்பெற்றது. வேளாண் கடன் குறித்து 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் அறிக்கை அளித்த பிரெடரிக் நிக்கல்சன், நிதிகளை மக்களே உருவாக்கிய அமைப்புகளாகக் கண்டார். ஆயினும் சிற்றூர்க் கடனுக்கு ஜெர்மனியின் ரைஃபைசன் முறையையே அவர் பரிந்துரைத்தார்.

சீட்டும் நிதியும் தவணை தவறாமையை அடிப்படையாகக் கொண்டவை. இருப்புப்பாதைத் தொழிலாளர், ஆசிரியர், எழுத்தர், கடைக்காரர் ஆகியோர்க்கு மாதத் தவணை இயலும். நாற்று நடவிலும் நிலக்கடலை அறுவடையிலும் மட்டும் கூலி காணும் வேளாண் தொழிலாளர்க்கும், மழைக்காலத்தில் வேலையற்றிருக்கும் மரக்காணம் உப்பளத் தொழிலாளர்க்கும் அது அரிது. மான்செஸ்டரிலும் நேசச் சங்கங்கள் நிலையான ஊதியமுடைய தொழிலாளரின் அமைப்புகளாகவே இருந்தன; அன்றாடங்காய்ச்சிகள் தருமத்தையே நம்பினர்.

கூட்டுறவுச் சட்டமும் நில உரிமையும்

நிக்கல்சன் அறிக்கையின் வழியில் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் திருவள்ளூர்ப் பகுதியிலுள்ள திரூரில் ஊரகக் கடன் சங்கமும், ராக்டேல் முறையைத் தழுவித் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தோன்றின.

இச்சட்டம் ஊரகச் சங்கங்களுக்கு வரம்பற்ற பொறுப்பை விதித்தது. ஒருவர் கடனைத் திருப்பவில்லையெனில் ஏனைய உறுப்பினரின் சொத்தும் அதற்கு ஈடாகும். அயலார் ஒருவரையொருவர் அறிந்திருப்பதே பிணை என்பது இதன் அடிப்படை. ஆனால் நிலமுடையோர் தம் சொத்தை ஈடாக்கும் சங்கத்தில் நிலமற்றவரைச் சேர்க்க விரும்புவதற்குக் காரணம் குறைவு. தென்னார்க்காட்டில் நிலமற்ற தொழிலாளருள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆதலின், பொருளியல் எல்லை சமூக எல்லையோடு ஒன்றியது. சீட்டில் வருமானம் செய்த விலக்கத்தைக் கூட்டுறவில் நிலம் செய்தது.

சுய உதவிக் குழு: எல்லை விரிவும் புதிய சிக்கலும்

பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் திட்டம், 1991-92இல் சேலத்திற்கும் தென்னார்க்காட்டிற்கும் விரிந்தது. எனவே விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் தமிழகச் சுய உதவிக் குழு இயக்கத்தின் தொடக்கக் களங்களுள் ஒன்றாகும். 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தை வகுத்தது.

இக்குழுக்களின் அமைப்பு முந்தைய விலக்கங்களுக்கு விடையளித்தது. 12 முதல் 20 பேர். வாரச் சேமிப்பு சில ரூபாய். சொத்து ஈடு இல்லை. ஊக்குநரும் பிரதிநிதியும் உறுப்பினருள்ளிருந்தே தேர்வு. இருபதைத் தாண்டாமைக்குச் சட்டக் காரணமும் உண்டு. 1956ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின்படி 20 பேருக்கு மேல் கூடி ஆதாயத் தொழில் நடத்தப் பதிவு தேவைப்பட்டது. வாரக் கூலிக்கு ஏற்ற வாரச் சேமிப்பு, நிலமற்ற பெண்ணையும் உறுப்பினராக்கியது. சீட்டைப் போலன்றி, சேமிப்பும் அதன் வட்டியும் குழுவின் பொது நிதியாகத் தங்கின.

பின்னாளில் நுண்கடன் நிறுவனங்கள் குழு வடிவத்தைக் கைக்கொண்டன. அவற்றின் கூட்டுப் பொறுப்புக் குழுவில் சேமிப்பு இன்றியமையாததன்று. பொது நிதியும் இல்லை. கடன் விதிகளை நிறுவனமே வகுக்கிறது. ஒரு பெண் தவணை தவறினால் மற்றவர் கட்ட வேண்டும். அதனால் அயலாரின் அறிமுகம் உதவியாக அல்லாமல் வசூல் கருவியாகப் பயன்படுகிறது. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025இல் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது இச்சிக்கலின் அளவைக் காட்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவதாக, தருமம் தகுதி பாராதபோது மிக வறியவரையும் எட்டியது. ஆனால் அவருக்கு உரிமை அளிக்கவில்லை. இரண்டாவதாக, கூட்டுதவி உரிமையளித்தது; ஆனால் தவணையும் நிலமும் அதன் வாயிலைக் குறுக்கின. மூன்றாவதாக, தவணையைக் கூலியின் ஒழுங்கிற்கு ஏற்பச் சுருக்கியதன் வழியே சுய உதவிக் குழு அவ்வாயிலை அகலப்படுத்தியது.

குழு என்ற புறவடிவம் மட்டும் கூட்டுதவிக்குச் சான்றாகாது. சுய உதவிக் குழுவும் கூட்டுப் பொறுப்புக் குழுவும் புறத்தே ஒன்றுபோல் தோன்றினும், முன்னதில் பணத்திற்கு உரியவர் உறுப்பினர்; பின்னதில் உறுப்பினர் பிறர் பணத்திற்குப் பிணை. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் குழுக்களைக் கள ஆய்வு செய்வோர், குழுக்களின் எண்ணிக்கையையும் கடன் தொகையையும் மட்டும் கணக்கிடாமல், ஒவ்வொரு குழுவின் பேரேட்டிலும் சொந்த நிதி எவ்வளவு, அதன் கடன் முடிவுகளை எடுப்பவர் யார் என்பவற்றையும் பதிவு செய்தல் இன்றியமையாதது.