துவிச்சக்கர வண்டிக்கு ஏற்ற பூட்டு எது?

கொட்டியாரக் குடாவை அடுத்த எமது கிளிவெட்டிப் பகுதியிலே துவிச்சக்கர வண்டி ஆடம்பரப் பொருளன்று. வயலுக்குச் செல்லும் தந்தையும், சந்தைக்குச் செல்லும் தாயும், பாடசாலை செல்லும் மகளும் ஒரே வண்டியை முறைவைத்து ஓட்டும் இல்லங்கள் பல உண்டு. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்றபோது, மோட்டார் சைக்கிளை மூலையிற் சாத்திவிட்டு இதனையே நாடியவர்கள் எத்தனை பேர்! வண்டியின் விலையும் அப்பொழுது வெகுவாக ஏறிற்று. இத்தகைய வண்டி களவுபோனால், முதலில் நின்றுபோவது பெரும்பாலும் பெண்பிள்ளையின் மாலை வகுப்புத்தான். அவ்வாறிருந்தும், வண்டியைப் பத்துக் கடை ஏறி இறங்கி வாங்குபவர், பூட்டை மட்டும் கடைக்காரர் நீட்டியவாறே வாங்கி வருகிறார்.

பழைய றலி வண்டிகள் சிலவற்றின் முன் கவையிலேயே ஒரு பூட்டு அமைந்திருக்கும். அது கைபிடியைத் திரும்பவொட்டாது தடுக்கும், அவ்வளவே. பின்சில்லின் கம்பிகளுக்கிடையே தண்டைச் செலுத்தும் வளையப் பூட்டு, தபாற்கந்தோர் வாசலில் இரண்டு நிமிடம் நிறுத்துவதற்குப் போதுமானது. ஆயினும் வண்டி எதனோடும் பிணைக்கப்படவில்லையாதலால், தூக்கி லொறியில் ஏற்றுபவனை அது என்ன செய்யும்? எண்களைத் திருப்பித் திறக்கும் கம்பிவடப் பூட்டோ கண்ணுக்குத் தடிப்பாகத் தோன்றும். தடிப்பெல்லாம் பிளாஸ்ரிக் உறைதான். உள்ளிருக்கும் மெல்லிய கம்பி ஒரு நல்ல வெட்டுக் குறட்டுக்கு ஈடுகொடாது.

வன்மையேற்றிய உருக்குச் சங்கிலியும், ஆங்கில 'யு' எழுத்து வடிவிலான தண்டுப் பூட்டுமே நம்பத்தக்கவை. கிரிப்ரனைற் என்னும் அமெரிக்க நிறுவனம் 1972இல் இத்தகைய பூட்டிட்ட வண்டியொன்றை நியூயோர்க் தெருவில் 30 நாள் விட்டுவைத்தது. கழற்றக்கூடிய உறுப்புகளையெல்லாம் கள்வர் கொண்டுபோயினர். பூட்டு மட்டும் அசையவில்லை. அதே நிறுவனத்தின் குழாய்த் திறப்புப் பூட்டுகள் சில, சாதாரண எழுதுகோலின் கூட்டினாலேயே திறபடுவது 2004இல் வெளியானமை வேறு கதை. ஆகவே தட்டைத் திறப்புள்ளதையே தேர்ந்தெடுங்கள்.

1851இல் இலண்டனில், எவராலும் திறக்கவியலாதெனப் பெயர்பெற்ற பிராமா பூட்டை ஹொப்ஸ் என்னும் அமெரிக்கர் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். நம் ஊர்க் கள்வனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? அவன் அறுப்பான், அல்லது நெம்புவான். எனவே பூட்டின் உள் நுட்பத்தைக் காட்டிலும் தண்டின் உறுதியும், அதனை மாட்டும் இடமுமே முக்கியம். வண்டியின் சட்டகத்தையும் பின்சில்லையும் சேர்த்து அசையாத இரும்புத் தூணோடு பிணையுங்கள். வேலிக் கதியாலில் பிணைப்பது வீண், அதைப் பிடுங்கிவிடலாம். நெம்புகோல் நுழைய இடைவெளி இருத்தலாகாது. சங்கிலி நிலத்தில் கிடந்தால், கல்லின்மேல் வைத்து அடித்து உடைக்க வசதியாகிவிடும்.

கடற்காற்று பூட்டைத் துருவேற்றும். இல்லத்தரசிகள் பலர் உடனே தேங்காயெண்ணெயை விடுகின்றனர். அது நாளடைவில் தூசியோடு பிசுபிசுத்து உள்ளே இறுகும். பென்சிற் கரியைச் சுரண்டித் திறப்பில் தடவிப் போட்டெடுத்தல் அதனினும் நன்று.

வண்டி வாங்கிய அன்றே, மிதி அச்சின் கீழோ இருக்கையின் அடியிலோ பொறித்துள்ள சட்டக எண்ணைக் குறித்து, பற்றுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். களவு போயிற்றென முறையிடச் சென்றால், பொலிசார் கேட்பது அந்த எண்ணைத்தான்.