வெட்டிய காப்பித் தண்டில் துளிர் வருவது எப்படி?

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பியைச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தார். இன்றும் ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே அராபிகா செடிகள் நிற்கின்றன. வயதேறிக் காய்ப்பு குறைந்த செடியைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. தரையிலிருந்து ஓரடி விட்டுத் தண்டைச் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை பூசிவிட்டால் போதும். மழை பெய்ததும் மொட்டைக் கட்டையின் பக்கங்களில் துளிர்கள் கிளம்பிவிடும்.

அத்தனையும் செல் பிரிதலின் வேலை. தண்டின் ஒவ்வொரு கணுவிலும் இலையிடுக்கில் மொட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக உறங்குகின்றன. நுனிக்குருத்திலிருந்து இறங்கும் ஆக்சின் என்னும் ஹார்மோன் அவற்றை அடக்கிவைத்திருக்கும். நுனி போனதும் அந்தத் தடை விலகுகிறது, மொட்டிலுள்ள செல்கள் பிரியத் தொடங்குகின்றன.

அராபிகாவின் செல்லில் 44 குரோமோசோம்கள், ரோபஸ்டாவில் 22. பிரிவதற்கு முன் செல் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுத்துக்கொள்ளும். இரட்டிப்பான குரோமோசோம்கள் சுருண்டு தடித்து, செல்லின் நடுவில் அணிவகுக்கும். நுண்ணிழைகள் ஒவ்வோர் இரட்டையையும் பிரித்து எதிரெதிர் முனைகளுக்கு இழுக்கும். பிறகு நடுவே புதுச் சுவர் எழும். இப்போது இரண்டு செல்கள், இரண்டிலும் அதே 44. சாலமாண்டர் செல்களில் இதை நுணுகிப் பார்த்து, 1882இல் மைட்டாசிஸ் என்று பெயரிட்டவர் ஜெர்மானியரான வால்ட்டர் ஃபிளெமிங்.

வெட்டுவாயிலும் இதே வேலைதான் நடக்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கின் செல்கள் பெருகி, காயத்தின் விளிம்பில் வளையமாகப் புடைத்து, மெல்ல உள்நோக்கி மூடிவருகின்றன. நம் கையில் கீறல் ஆறும்போது தோலின் அடியடுக்குச் செல்களும் இப்படித்தான் பெருகுகின்றன.

காப்பியில் என்னை மிகவும் வியக்கவைப்பது வேறொன்று. நிமிர்ந்து வளரும் துளிரை வெட்டி நட்டால் நிமிர்ந்த செடியே வரும். பக்கக் கிளையை வெட்டி நட்டாலும் வேர்விடும், ஆனால் அது கடைசிவரை பக்கவாட்டிலேயே படரும். இரண்டுக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான். தான் எந்த இடத்துச் செல் என்பதையும் தாய்ச் செல் தன் சேய்களுக்குக் கொடுத்தனுப்புகிறது.

தண்டின் ஓர் இலையிடுக்கில் பக்கக் கிளையாக வளரக்கூடியது மேல்மொட்டு ஒன்று மட்டுமே. மற்றவை நிமிர்ந்த துளிர்களாகவே வரும். அந்தக் கிளை அடியோடு ஒடிந்துபோனால் அதே இடத்தில் இன்னொன்று முளைக்காது. ஏற்காடு போகிறவர்கள் படம் எடுப்பதற்காகக் காப்பிக் கிளையை வளைத்து இழுக்காதீர்கள்.