பார்வையற்றவர் காணாத முகச்சுளிப்பு

திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயத்துக்கு ‘அபஸ’ என்று பெயர். மக்காவில் அருளப்பெற்ற, 42 வசனங்களைக் கொண்ட சிறிய அத்தியாயம் அது. ‘முகம் சுளித்தார்’, ‘கடுகடுத்தார்’ என்பன அச்சொல்லுக்கு நம்மவர் கூறும் பொருள்கள். ஒருவர் முகத்தில் கணநேரம் தோன்றி மறைந்த ஒரு குறிப்பு, மறையின் ஓர் அத்தியாயத்துக்கே பெயராய் அமைந்துவிட்டது எண்ணுந்தோறும் வியப்பளிப்பதாகும்.

நிகழ்ச்சியைப் பலரும் அறிவர். குறைஷித் தலைவர்களுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இஸ்லாத்தை எடுத்துரைத்துக் கொண்டிருந்தார்கள். செல்வமும் செல்வாக்கும் படைத்த அவர்கள் இணங்கினால், ஏழை முஸ்லிம்கள் படும் துன்பம் நீங்கும். ஊரே திரும்பிப் பார்க்கும். அவ்வேளையில் கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அங்கே வந்து, தமக்கு நேர்வழி கற்பிக்குமாறு வேண்டினார். அங்கிருந்தோர் இன்னாரென அவர் காண இயலாது. பேச்சு இடைமுறிந்தது. பெருமானாரின் முகம் சுளித்தது. அவர்கள் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள். இதனைக் கண்டித்தே அத்தியாயத்தின் முதற் பத்து வசனங்கள் இறங்கின.

முகம் சுளித்தவர் நபியவர்கள் அல்லர், அவ்வவையிலிருந்த வேறொருவரே என்று ஷீஆ விரிவுரையாளர் பலர் கொள்வர். ஸுன்னத் வல் ஜமாஅத்தாரின் விரிவுரைகள் நாம் மேலே கூறியவாறே கூறுகின்றன.

அந்த முகச்சுளிப்பு எத்தகையது? ‘அபஸ’ என்னும் வேரிலிருந்து பிறந்த சொற்கள் திருமறையில் மூன்றே இடங்களில் வருகின்றன. ஒன்று, 74ஆம் அத்தியாயத்தில். மறையைச் செவியுற்று, எண்ணிப் பார்த்து, அளந்து பார்த்து, பின்னர் வேண்டுமென்றே முகத்தைக் கடுகடுத்துப் புறங்காட்டி, ‘இது சூனியம்’ என்று தள்ளியவனைப் பற்றியது அது. அவன் வலீத் இப்னு முகீரா என்பர் விரிவுரையாளர். மற்றொன்று, 76ஆம் அத்தியாயத்தில். அங்கே கடுகடுப்பது மனிதனன்று; மறுமை நாளே முகம் சுளித்த நாளாக வருணிக்கப்படுகிறது. முன்னது ஆணவத்தின் சுளிப்பு. பின்னது அச்சத்தைத் தருவது.

80ஆம் அத்தியாயத்தில் உள்ளதோ இவ்விரண்டிலும் சேராது. சார்லஸ் டார்வின் 1872ஆம் ஆண்டில், மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிப்படுத்தும் விதம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். புருவம் நெரிவது சினத்தின் குறி மட்டுமன்று, சிந்தனை ஓட்டத்தில் ஏதேனும் தடை குறுக்கிடும்போதும் அது நிகழ்கிறது என்று அதில் விளக்கினார். பெருமானாரின் முகத்தில் தோன்றியதும் அத்தகைய ஒன்றே என எமக்குத் தோன்றுகிறது. வந்தவர் மீது வெறுப்பில்லை. ஏழை என்ற இகழ்ச்சியுமில்லை. ஒரு நற்பணி தடைப்பட்ட வருத்தமே. அது கூடக் கண்டனத்துக்கு உள்ளாயிற்று என்பதே இங்கு நம்மை நடுங்கச் செய்வது.

இன்னொன்றும் உண்டு. சுளித்த முகத்தை அந்தப் பார்வையற்றவர் காணவில்லை. கண்டிருந்தால் மனம் நொந்திருப்பார்; காணாததால் அவருக்கு அக்குறிப்பால் துன்பமில்லை என்று நாம் வாதாடக்கூடும். கண்ட தலைவர்களோ அதனைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். ஆகவே, முறையிட ஒருவருமில்லாத குற்றம் அது. முறையீடு இல்லாமலே தீர்ப்பு வந்தது.

வசனங்களின் நடையையும் நோக்க வேண்டும். முதலிரு வசனங்கள் ‘அவர்’ என்று படர்க்கையில் பேசுகின்றன. மூன்றாவதில் ‘உமக்கு’ என்று முன்னிலைக்குத் திரும்புகின்றன. ‘நீர் முகம் சுளித்தீர்’ என்று நேருக்கு நேர் கூறாத இந்த மென்மையைச் சிலர் சுட்டுவர். தம்மைக் கண்டித்த அவ்வசனங்களை நபியவர்கள் மறைத்தார்களில்லை. இன்றும் தொழுகையில் அவை ஓதப்படுகின்றன.

மனிதரை விட்டுக் கன்னத்தைத் திருப்பிக்கொள்ளாதே என்று லுக்மான் தம் மகனுக்கு உரைத்த அறிவுரை 31ஆம் அத்தியாயத்தில் உள்ளது. ஒட்டகத்துக்கு வந்து அதன் கழுத்தைக் கோணச் செய்யும் ஒரு நோயின் பெயரோடு அங்குள்ள சொல்லை அறிஞர்கள் தொடர்புபடுத்துவர். பணக்காரர் வீட்டுக்கு வந்திருக்கையில் ஏழை உறவினர் வாசலில் நின்றால் நம் கழுத்து எப்பக்கம் கோணுகிறது என்பதை அவரவரே அறிவர்!

இப்னு உம்மி மக்தூம் அன்னை கதீஜா (ரலி) அவர்களுக்குத் தாய்வழி உறவினர். நபியவர்கள் ஹிஜ்ரத் செய்வதற்கு முன்னரே முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களோடு மதீனா சென்று, அங்குள்ளோருக்குக் குர்ஆன் கற்பித்தார். கற்றுத்தருமாறு வேண்டி வந்தவர் கற்பிப்பவரானார். பிலால் (ரலி) இரவில் பாங்கு சொன்னால் உண்ணலாம், இப்னு உம்மி மக்தூம் சொல்லும்வரை பருகலாம் என்று நபியவர்கள் நோன்பாளிகளுக்குச் சொல்லியிருந்தார்கள். விடியலைக் காண இயலாதவரின் குரலே விடியலை ஊருக்கு உணர்த்திற்று. ‘விடிந்துவிட்டது’ என்று பிறர் கூறக் கேட்டே அவர் பாங்கொலிப்பார். நபியவர்கள் வெளியூர் செல்கையில் மதீனாவின் பொறுப்பைப் பன்முறை அவரிடம் ஒப்படைத்துச் சென்றார்கள்.

போருக்குச் செல்ல இயலாத உடற்குறையுடையோருக்கு 4ஆம் அத்தியாயம் விலக்களிக்கிறது. அவ்விலக்கு இறங்கியதே இவரது வினாவினால்தான். ஆயினும் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நிகழ்ந்த காதிஸிய்யாப் போரில், கவசம் அணிந்து கறுப்புக் கொடியுடன் அவர் நின்றதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். கண்ணில்லாத தம்மால் ஓட இயலாது, ஆகவே கொடியைத் தம் கையில் தருக என்று அவர் கேட்டு வாங்கியதாக வரலாற்றாசிரியர் எழுதுவர்.